பிரையன் மே: கிதார் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கிதார் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் குயின் இசைக்குழுவின் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பேர் கிரிக்கெட் மைதானத்தில் அந்த 'தம்-தம்-தட்' கேட்டு வருகிறார்கள். இருவகையினருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பிரையன் மே யாரு சார்? குயின்ல பாடுறவர்தானே?

பாடுகிறவர் ஃப்ரெடி மெர்க்குரி. மே, அவருக்குப் பக்கத்தில் சுருட்டைமுடியோடு நிற்கும் உயரமான கிதார்காரர். 1947 ஜூலை 19 அன்று லண்டனுக்கு மேற்கே ஹாம்ப்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1968-ல் டிரம்மர் ரோஜர் டெய்லர், பாடகர் டிம் ஸ்டாஃபெல் ஆகியோருடன் 'ஸ்மைல்' என்ற குழுவில் வாசித்தார். ஸ்டாஃபெல் விலகினார், ஃப்ரெடி வந்தார், 1970-ல் பெயர் 'குயின்' ஆனது. அடுத்த ஆண்டு பேஸ் கிதாருக்கு ஜான் டீக்கன் சேர்ந்தார். முதல் ஆல்பம் 1973-ல் வந்தது.

மேயும் பாடுவார். பின்னணிக் குரல்களில் ஒன்று அவருடையது. '39' என்ற பாட்டில் முன்குரலே அவர்தான்.

கிதாரை அவரே செஞ்சாராமே, நிஜமா? இல்ல ரசிகருங்க கட்டின கதையா?

நிஜம். 1963 ஆகஸ்டில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வருடம் அப்பாவும் மகனுமாகச் செய்தார்கள். மேவுக்கு அப்போது பதினாறு வயது. ஃபெண்டர் கிதார் வாங்க ஆசை, வீட்டில் பணம் இல்லை. அப்பா ஹாரல்ட் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், கைவேலைக்காரர். செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார்கள்.

கழுத்துக்கு மரம் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மஹோகனி. பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய மேசையின் ஓக். கழுத்தில் சுர இடங்களைக் காட்டும் ஃப்ரெட் அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ட்ரெமலோ என்பது கம்பிகளின் சுருதியை ஆட்டும் கைப்பிடி அமைப்பு. அதன் ஸ்பிரிங் 1928-ஆம் வருடத்துப் பாந்தர் மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். ட்ரெமலோ கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி, அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ட்ரெமலோ கத்திமுனை மாதிரியான ஒரு இரும்பு விளிம்பின் மேல் நின்று ஆடுகிறது. உராய்வு குறைவு என்பதால் இழுத்துவிட்டாலும் சுருதி திரும்பி வந்து சரியாக உட்காரும். கடைக் கிதார்களில் அந்தக் காலத்தில் இது பெரிய தலைவலி. சிரிப்பு அங்கே நின்றுவிடும்.

அப்போ எல்லாமே வீட்டுப் பொருளா? பிக்கப்பும் அவரே சுத்தினாரா?

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். முதலில் அவரே சுற்றினார். சத்தம் நன்றாக வந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைத்தபோது இரைச்சல் கேட்டது, காந்த முனைகள் அமைந்த விதத்தால். ஆகவே பர்ன்ஸ் டிரை-சோனிக் பிக்கப் மூன்றைக் கடையில் வாங்கினார். அவை மைக் மாதிரி கீச்சிடாமல் இருக்க உள்ளே பசை ஊற்றி இறுக்கினார்.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்ச்: ஒன்று போட, அணைக்க, இன்னொன்று அலையைத் தலைகீழாக்க. கடையில் வாங்கும் கிதாரில் ஒரே ஒரு ஐந்துநிலை சுவிட்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறோமே, அதோடு ஒப்பிட்டால் இவர் கையில் எத்தனை நிறங்கள் என்பது புரியும். உடலுக்குள் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருக்கிறார். ஆம்ப் (கிதாரின் ஒலிபெருக்கி) முன்னால் நின்றால் சுரம் தானாக நீண்டு பாட வேண்டும் என்பதற்காக.

பிக்குக்குப் பதிலா காசு வச்சு வாசிப்பாராம்ல?

ஆமாம், பிரிட்டனின் பழைய ஆறு பென்னி நாணயம். பிளாஸ்டிக் பிக் வளைந்து கொடுக்கிறது, கம்பிக்கும் விரலுக்கும் நடுவில் நடப்பது கைக்குத் தெரிவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். நாணயம் வளையாது. அதன் ஓரத்தில் வரிவரியாக வெட்டு இருக்கும். சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெல்லிய கரகரப்பு வரும். மெய்யெழுத்து உச்சரிப்பது போல.

அந்த நாணயம் 1980-ல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதனால் 1990-களில் தனிக் கச்சேரிப் பயணத்துக்காக அவர் தலை பொறித்த ஆறு பென்னியே தனியாக அடிக்கப்பட்டது. நானும் வீட்டில் கிடந்த பழைய காசு ஒன்றை வைத்து முயன்றேன். முதல் நாளே மேல்கம்பி அறுந்தது. அவர் மிக மெல்லிய கம்பி போட்டும் அறுக்காமல் வாசிக்கிறார் என்றால் கை எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

ரெட் ஸ்பெஷல் மாடல் வாங்கினா அந்த சவுண்டு வந்துடுமா?

'ரெட் ஸ்பெஷல்' என்பது மேலே சொன்ன கிதாரின் பெயர். அசல் ஒன்றே ஒன்று, அவரிடம் இருக்கிறது. அதன் மாதிரிகளை அவர் பெயரிலேயே இயங்கும் நிறுவனம் விற்கிறது. வாங்கலாம், நல்ல கிதார்தான். ஆனால் சத்தத்தில் பாதி ஆம்பில் இருக்கிறது.

அவர் வைத்திருப்பது வாக்ஸ் ஏசி30, வால்வு ஆம்ப். அதை முழுச் சத்தத்துக்குத் திறந்து, முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர் (மேல்சுரங்களைக் கூட்டிக் கொடுக்கும் சிறு பெட்டி) போட்டுவிடுவார். பிறகு கிதாரில் இருக்கும் வால்யூம் குமிழைக் குறைத்தால் தெளிவான ஓசை, கூட்டினால் கனத்த ஓசை. மிதிப் பலகையில் இருபது பெட்டி கிடையாது. இந்தச் சேர்மானத்தை அவர் கற்றது அயர்லாந்துக் கிதார்காரர் ரோரி கேலகரிடம். இளைஞனாக லண்டன் மார்க்கீ கிளப்பில் கச்சேரி முடிந்தபின் காத்திருந்து, 'எப்படி இந்தச் சத்தம்?' என்று கேட்டிருக்கிறார். கேலகரும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

ஒரே ஆள் வாசிக்கிறார், ஆனா பத்து கிதார் கேக்குதே? சிந்தசைசரா?

1970-களின் குயின் ஆல்பங்களின் உறையில் 'சிந்தசைசர் இல்லை' என்று அச்சிட்டே விட்டார்கள், இந்தச் சந்தேகம் அப்போதே இருந்ததால். 1980-ல் வந்த 'தி கேம்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக சிந்தசைசரைத் தொட்டார்கள். அதற்கு முன் கேட்பதெல்லாம் ஒரே கிதார், ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே பதிவு செய்து அடுக்கியது. தேவாலயப் பாடகர் குழுவில் மேல்குரல், நடுக்குரல், கீழ்க்குரல் பிரிப்பார்களே, அதே கணக்கு.

இதில் ஜான் டீக்கனுக்கும் பங்கு உண்டு. மின்னணுவியல் படித்தவர் அவர். 1970-களின் தொடக்கத்தில் குப்பைத் தொட்டியில் ஒரு சர்க்யூட் பலகை கிடைத்தது. அதைச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் ஒன்றைச் செய்தார். 'டீக்கி' என்று அதற்குச் செல்லப்பெயர். அதன் வழியாக வாசித்தால் மேயின் கிதார் பித்தளை வாத்தியம் போலவும் கிளாரினெட் போலவும் கேட்கும். 1975-ன் 'குட் கம்பெனி' பாட்டின் நடுவே ஒரு பழைய ஜாஸ் பேண்டே வாசிப்பது போல இருக்கும். அது முழுக்க மே. இந்த மனிதரின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் மைதானப் பாட்டுகளை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

மேடையில எப்படி அடுக்குவாரு? அங்க ரெக்கார்டிங் இல்லையே?

நல்ல கேள்வி. அங்கே எக்கோ இயந்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வார். வாசித்த சொற்றொடர் நாடாவில் பதிந்து சற்று நேரம் கழித்துத் திரும்பி வரும். அது வரும் நேரத்தில் அதற்கு இசைவான அடுத்த சொற்றொடரை வாசித்திருப்பார். இரண்டு இயந்திரம் என்றால் மூன்று குரல். ஒவ்வொரு எதிரொலியும் தனி ஆம்புக்குப் போகும், குழப்பமே இருக்காது.

1974-ன் 'பிரைட்டன் ராக்' பாட்டில் வரும் நீண்ட தனி வாசிப்பு இப்படி எழுந்ததுதான். ஒரு சுரம் தப்பினால் அது இரண்டு முறை திரும்பி வந்து உங்களைக் கேலி செய்யும். டிஜிட்டல் டிலே வைத்து வீட்டில் முயன்று பாருங்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவ்ளோ வேகமா வாசிக்கிற மாதிரி தெரியலையே சார். ஏன் விர்ச்சுவோசோங்கிறாங்க?

வகுப்பில் என்னை எரிச்சலூட்டும் கேள்வி இது. விர்ச்சுவோசோ என்றால் வாத்தியத்தில் அசாத்தியத் தேர்ச்சி உள்ளவர். பதில் சொல்கிறேன்.

வேகத்தை மெட்ரோனோம் வைத்து அளக்கலாம், அதனால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். மேயின் சோலோக்களை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், முழுவதும் பாட வரும். 'கில்லர் குவீன்' சோலோவில் முதலில் ஒரு குரல் வரும், பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது, மணி அடிப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக விழும். அதில் வேகம் சொற்பம்தான். ஆனால் ஒவ்வொரு கம்பி வளைப்பும் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது, அதிர்வு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. இரண்டு குரல்களை அப்படி ஒட்டவைக்க வேண்டும் என்றால் இரண்டு முறையும் அச்சு அசலாக ஒரே அளவில் வளைக்க வேண்டும். இரண்டாவது முறை நூலிழை பிசகினாலும் அபஸ்வரம். மூன்று வருடம் கற்றவர்களுக்கும் இது வருவதில்லை, வேகம் வந்துவிடுகிறது.

போஹீமியன் ராப்சடி சோலோவும் ரிஃபும் அவர் எழுதினதுதானே?

சோலோ அவருடையது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி, ஃப்ரெடியுடையது.

1975-ல் வந்த அந்தப் பாட்டை எழுதியவர் ஃப்ரெடி. பாடிய மெட்டையே கிதாரில் திருப்பி வாசிக்காமல், அதே கோர்டுகளின் மேல் புதிய மெட்டு ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது மேயின் விருப்பம். சோலோ பாட்டுக்குள் இன்னொரு சிறு பாட்டு மாதிரி நிற்பதற்கு அதுவே காரணம். ஓபரா பகுதி முடிந்ததும் பாயும் கனத்த ரிஃபை ஃப்ரெடி பியானோவில் வாசித்துக் காட்டினார். பியானோ விரலுக்கு எளிதாக வரும் ஈ ஃப்ளாட் சுருதியில் அது இருக்கிறது. கிதார்காரனுக்கு அது மகா சங்கடம், திறந்த கம்பி எதுவும் கைகொடுக்காது. 'சார், எனக்கு விரல் எட்டவில்லை' என்று சொல்கிறவர்களுக்கு: மேவுக்கும் அது இயல்பான இடம் இல்லை.

'வீ வில் ராக் யூ'ல கிதாரே கடைசியிலதானே வருது? அதை ஏன் கிதார்காரர் எழுதணும்?

1977-ல் இங்கிலாந்தின் பிங்லி ஹாலில் கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் வீட்டுக்குப் போகாமல் ஒரு கால்பந்துப் பாட்டைக் கூட்டமாக அவர்களுக்குப் பாடிக் காட்டினார்கள். நெரிசலில் நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று மே யோசித்தார்: காலைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். மறுநாள் காலை பாட்டு மனதில் இருந்தது.

பதிவு நடந்த வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கிடந்த பலகைகளின் மேல் ஏறி மிதித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பலமுறை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் வெவ்வேறு சிறு தாமதத்தில் வைத்தார் மே. தாமதங்கள் ஒன்றுக்கொன்று வகுபடாத பகா எண் விகிதத்தில் இருந்ததால் எதிரொலி போலக் கேட்கவில்லை, பெருங்கூட்டம் போலக் கேட்டது. இயற்பியல் படித்த மூளை வேலை செய்த இடம் இது. டிரம் செட் இல்லை, பேஸ் இல்லை. கிதார் கடைசியில் நுழைகிறது என்பது உண்மைதான். அவ்வளவு நேரம் அதைக் கட்டிவைத்திருப்பதுதான் அந்தப் பாட்டின் தந்திரம்.

டாக்டர் பிரையன் மேங்கிறது கௌரவப் பட்டம்தானே?

இல்லை, எழுதி வாங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1968-ல் இயற்பியல் பட்டம், 1970-ல் முனைவர் ஆய்வு. சூரியக் குடும்பத்தின் தளத்தில் மெல்லிய தூசி பரவியிருக்கிறது. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில், அந்தி மறைந்தபின் மேற்கிலும் விடியுமுன் கிழக்கிலும் கூம்பு வடிவில் மங்கலாக ஒளிரும். ராசிமண்டல ஒளி என்பார்கள். அந்தத் தூசி எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது என்பதை ஒளியின் டாப்ளர் பெயர்ச்சியை (பொருள் நகர்வதால் ஒளியின் அலைநீளம் மாறுவதை) கொண்டு அளப்பது அவர் ஆய்வு. டெனெரிஃப் தீவின் மலைமேல் போய் நோக்கீடு எடுத்தார். குயின் பெரிதாக வளர்ந்ததும் 1974 வாக்கில் ஆய்வை நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கு இது பெரிய வருத்தம். கிதார் செய்ய இரண்டு வருடம் உட்கார்ந்த அதே அப்பா, அதை வைத்துப் பிழைப்பேன் என்று மகன் சொன்னபோது ஏற்கவில்லை. பிறகு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிக்கு அவரை அழைத்துப் போனபோதுதான் மனம் இறங்கியது என்று மே சொல்லியிருக்கிறார்.

சரி, முப்பது வருஷம் கழிச்சு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தா பல்கலைக்கழகம் ஒத்துக்குமா?

பழைய நோட்டை அப்படியே கொடுக்கவில்லை. 2006-ல் மீண்டும் பதிவு செய்துகொண்டார். வானியலாளர் மைக்கேல் ரோவன்-ராபின்சன் மேற்பார்வை. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்தத் துறையில் வந்ததையெல்லாம் படித்துச் சேர்த்து 2007-ல் சமர்ப்பித்தார். அதே வகை அளவீட்டை நடுவில் வேறு யாரும் பெரிதாகச் செய்யாதது அவர் அதிர்ஷ்டம். மற்ற விண்மீன்களைச் சுற்றியும் தூசித் தட்டுகள் இருப்பது தெரியவந்தபின் அந்த விஷயத்துக்கு மறுபடி மவுசு வந்திருந்தது.

படத்துல லைவ் எய்டுக்கு முன்னாடி பேண்டு பிரிஞ்சு, மறுபடி சேருற மாதிரி காட்டுறாங்களே?

2018-ல் வந்த படத்தைக் கேட்கிறீர்கள். மேயும் டெய்லரும் அதன் இசைப் பொறுப்பில் இருந்தவர்கள், இருந்தாலும் காலவரிசையை அதில் நம்ப வேண்டாம். குயின் அப்போது பிரிந்திருக்கவில்லை. 1984-ல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வந்தது, அதற்கான பயணம் 1985 மே மாதம் ஜப்பானில் முடிந்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி. பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் இருபது நிமிடத்தில் அப்படி வாசிக்க முடியாது, மேடை அனுபவம் உள்ள எவரும் சொல்வார்கள்.

இன்னொன்று: 'வீ வில் ராக் யூ' உருவாகும் காட்சியில் ஃப்ரெடிக்கு மீசை இருக்கும். பாட்டு 1977, மேலே சொன்னேன். மீசை 1980.

1974-ல உடம்பு முடியாம பேண்டை விட்டே போயிருப்பாராமே?

போகவில்லை, போய்விடுவோமோ என்று பயந்தார். அந்த ஆண்டு அமெரிக்காவில் மாட் தி ஹூப்பிள் குழுவுக்கு முன்வாசிப்பாகப் பயணம் போனபோது மேவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பயணம் பாதியில் நின்றது. தேறி வந்ததும் குடல்புண். அவர் மருத்துவமனையில் கிடக்க, மற்ற மூவரும் 'ஷியர் ஹார்ட் அட்டாக்' ஆல்பத்தின் பதிவைத் தொடங்கினார்கள். கிதார் வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டுவைத்தார்கள். வேறு ஆளைத் தேடவில்லை. அவர் திரும்பி வந்து அவற்றை நிரப்பினார். 'கில்லர் குவீன்' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது.

எடி வான் ஹேலனோட சேர்ந்து வாசிச்சிருக்காரா?

வாசித்திருக்கிறார். வான் ஹேலன் வேகத்துக்குப் பேர்போன அமெரிக்கக் கிதார்காரர். 1983-ல், லாஸ் ஏஞ்சலிஸில், இரண்டு நாள். ஜப்பானிய பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை மேயின் மகன் விரும்பிப் பார்ப்பான். அதன் முகப்புப் பாட்டை நண்பர்களோடு வாசித்துப் பதிவு செய்தார்கள். 'ஸ்டார் ஃப்ளீட் ப்ராஜெக்ட்' என்று வந்தது. இரண்டு பேரின் கையையும் பக்கத்தில் வைத்துக் கேட்க இதைவிட நல்ல பதிவு இல்லை. வேகம் பற்றி மேலே சொன்னது அங்கே காதால் புரியும்.

ஃப்ரெடி போனதுக்கப்புறம் இவர் என்ன பண்ணாரு? ஆடம் லாம்பர்ட்டோட வாசிக்கிறது குயினா?

ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்று இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி. 1992-லும் 1998-லும் மே தனி ஆல்பங்கள் வெளியிட்டார். ஃப்ரெடி விட்டுச்சென்ற குரல் பதிவுகளைச் சுற்றி மற்ற மூவரும் இசை சேர்த்து 1995-ல் 'மேட் இன் ஹெவன்' வந்தது. டீக்கன் 1997-க்குப் பின் ஒதுங்கிவிட்டார். பிறகு சில ஆண்டுகள் பாடகராகப் பால் ராஜர்ஸ், இப்போது ஆடம் லாம்பர்ட்.

இரண்டு முறையும் பெயரை 'குயின் + இன்னார்' என்றே போட்டார்கள். அந்தக் கூட்டல் குறியே உங்கள் கேள்விக்குப் பதில் என்று எனக்குப் படுகிறது.

அரண்மனைக் கூரை மேல ஏறி வாசிச்சாரே, அது எதுக்கு?

2002 ஜூன் 3, ராணி எலிசபெத்தின் பொன்விழாக் கச்சேரி. பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று பிரிட்டனின் தேசிய கீதத்தை ரெட் ஸ்பெஷலில் வாசித்துத் தொடங்கிவைத்தார். கணப்படுப்பு மரமும் பொத்தானும் சேர்த்துச் செய்த அதே கிதார், கூரை மேல். 2023 புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் 'சர்' பட்டம் கிடைத்தது.

இப்பவும் வாசிக்கிறாரா?

2020-ல் சிறிய மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட். 2024-ல் லேசான பக்கவாதம் வந்து இடது கை கொஞ்ச நேரம் சொன்னபேச்சு கேட்கவில்லை. கிதார் வாசிக்க முடிகிறது என்று அந்தச் செய்தியோடு சேர்த்தே அறிவித்தார்.

நான் எந்தப் பாட்டுல ஆரம்பிக்கணும் சார்?

'வீ வில் ராக் யூ' கடைசிப் பகுதியில் வேண்டாம், அது எளிது போலத் தெரியும். 'போஹீமியன் ராப்சடி' சோலோவை எடுங்கள், பாதி வேகத்தில். முதலில் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடுங்கள். பாட வந்தபின் எடுத்து வாசியுங்கள். இரண்டு கிதார் குரல் வேண்டும் என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். காசு எடுத்து வராதீர்கள், வகுப்பில் கம்பி விலை நான்தான் கொடுக்கிறேன்.